உண்மை என்றால் பயம் எதற்கு? நிறுவனங்கள் தொடுக்கும் அவதூறு வழக்குகள் இயங்கும் விதம்

ஒரு பெரிய நிறுவனம் தன்னை விமர்சித்த செயற்பாட்டாளர்கள் மீது அவதூறு வழக்குப் போட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் வாசகர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. "அவர்கள் சொன்னது உண்மை என்றால் பயம் எதற்கு, கோர்ட்டில் நிரூபித்துவிட்டுப் போகலாமே?" என்பது ஒன்று. "பொய் சொன்னவர்கள் மீது வழக்குப் போடாமல் நிறுவனம் வேறு என்னதான் செய்யும்?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு விஷயம் உண்மையாக இருப்பதற்கும், அதை நீதிமன்றம் ஏற்கும் முறையில் நிரூபித்துக் காட்டுவதற்கும் நடுவில் பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் தேவைப்படுகின்றன. அந்தத் தூரத்தைக் கடக்க யாரால் முடியும் என்பதே இத்தகைய வழக்குகளின் போக்கைத் தீர்மானிக்கிறது. பலர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார்கள். சொன்னது உண்மையா பொய்யா என்று யாரும் ஆராயாமலேயே விவகாரம் முடிந்துவிடுகிறது.

தீர்ப்பு வரைக்கும், அதையும் தாண்டி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு ஒன்று உண்டு. லண்டனில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் என்ற இருவர் மீது தொடுத்த அந்த வழக்கைப் பத்திரிகைகள் 'மெக்லைபல்' என்று அழைத்தன. இத்தகைய வழக்கின் உள்ளமைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

## அவதூறு வழக்கில் யார் எதை நிரூபிக்க வேண்டும்?

ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் விதமாக எழுதுவதும் அச்சிடுவதும் அவதூறு. இதற்காக நஷ்ட ஈடு கேட்டுப் போடும் உரிமையியல் வழக்கைத்தான் மான நஷ்ட வழக்கு என்கிறோம். இங்கிலாந்துச் சட்டத்தில், அந்த வழக்கு நடந்த காலத்தில், வாதி காட்ட வேண்டியவை மூன்றுதான்:

1. அந்த வாசகங்களைப் பிரதிவாதி வெளியிட்டார். தானே எழுதியிருக்க வேண்டியதில்லை, விநியோகித்தாலே போதும்.
2. அவை வாதியைக் குறிக்கின்றன.
3. அவை வாதியின் மதிப்பைக் குறைக்கக் கூடியவை.

இந்தப் பட்டியலில் 'அது பொய்' என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். மதிப்பைக் கெடுக்கும் வாசகம் பொய்யானது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். உண்மை என்று காட்டும் பொறுப்பு பிரதிவாதியுடையது. தனக்குப் பண நஷ்டம் ஏற்பட்டது என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

பிரதிவாதிக்கு முக்கியமாக இரண்டு தற்காப்புகள் உண்டு. சொன்னது சாராம்சத்தில் உண்மை என்று நிரூபிக்கலாம். அல்லது, அது ஒரு தகவல் அல்ல, உண்மைகளின் அடிப்படையில் பொதுநலன் சார்ந்த விஷயத்தில் சொன்ன நேர்மையான கருத்து என்று காட்டலாம். "இந்த நிறுவனம் மணிக்கு இவ்வளவு கூலி தருகிறது" என்பது தகவல். "இந்தக் கூலி கேவலமானது" என்பது கருத்து. பிரச்சாரத் துண்டறிக்கைகளில் இந்த இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் பின்னிக் கிடக்கும். எது தகவல், எது கருத்து என்று பிரித்துச் சொல்வதே வழக்கறிஞர்களுக்குப் பெரிய வேலையாகிவிடும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1964இல் சல்லிவன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பொது அதிகாரிகள் வழக்குப் போடுவதற்கான தடையை வெகுவாக உயர்த்தியது: பொய் என்று தெரிந்தே சொன்னார், அல்லது உண்மையா பொய்யா என்று துளியும் பொருட்படுத்தாமல் சொன்னார் என்பதை வாதி காட்ட வேண்டும். பிற்பாடு இது பிரபலங்களுக்கும் விரிந்தது. 1986இல், பொதுநலன் சார்ந்த விஷயத்தில் ஊடகம் எழுதியது பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பே வாதியின் தலையில் வைக்கப்பட்டது. ஒரே துண்டறிக்கைக்கு லண்டனில் ஒரு விதியும் நியூயார்க்கில் வேறொரு விதியும் என்றால், காரணம் இந்தப் பொறுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே.

## ஒரு துண்டறிக்கையும் ஐந்து பேரும்

'லண்டன் கிரீன்பீஸ்' ஒரு சின்னக் குழு. உலகெங்கும் பெயர் தெரிந்த கிரீன்பீஸ் அமைப்போடு இதற்குச் சம்பந்தம் கிடையாது. 1986இல் இக்குழு மெக்டொனால்ட்ஸ் பற்றி ஆறு பக்கத் துண்டறிக்கை ஒன்றை வெளியிட்டது. மழைக்காடுகளின் அழிவு, ஏழை நாடுகளின் பசி, உணவின் சத்துக்குறைவு, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம், விலங்குகள் மீதான கொடுமை, தொழிலாளர்களின் குறைந்த கூலி என்று குற்றச்சாட்டுகளின் வரம்பு மிக அகலமானது. இந்த அகலம்தான் பின்னால் வழக்கின் நீளத்தைத் தீர்மானித்தது.

1990 செப்டம்பரில் ஐந்து பேர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த முதல் சட்ட ஆலோசனை எளிமையானது: மன்னிப்புக் கேளுங்கள், அல்லது வழக்கை நடத்துங்கள், நடத்துவதற்கு அரசின் சட்ட உதவி கிடைக்காது. மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஸ்டீலும் மோரிஸும் மறுத்தார்கள்.

ஸ்டீல் சில காலம் மதுபான விடுதியில் பகுதி நேர வேலை பார்த்தவர்; வாரத்துக்கு அதிகபட்சம் 65 பவுண்ட் வருமானம். மற்ற காலங்களில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார். மோரிஸ் முன்னாள் தபால் ஊழியர், வேலை இல்லாதவர், விசாரணை தொடங்கியபோது நான்கு வயதாக இருந்த மகனைத் தனியாக வளர்த்துவந்தவர். எதிரே, அவதூறுச் சட்டத்தில் கைதேர்ந்த மூத்த வழக்கறிஞர், அவருக்கு இளைய வழக்கறிஞர், அவர்களுக்குப் பின்னால் சட்ட நிறுவனம் ஒன்று.

## சுமை ஏறும் மூன்று இடங்கள்

விசாரணை 1994 ஜூன் 28இல் தொடங்கி 1996 டிசம்பர் 13இல் முடிந்தது. 313 நாட்கள் நீதிமன்றம் கூடியது. இங்கிலாந்தின் வரலாற்றிலேயே மிக நீண்ட விசாரணை அது. 130 பேர் நேரில் சாட்சி சொன்னார்கள். ஆவணச் சான்றுகள் சுமார் 40,000 பக்கம். ஆறு பக்கத் துண்டறிக்கைக்கு இவ்வளவா என்று தோன்றும். இந்தப் பெருக்கத்துக்கு மூன்று காரணங்கள்.

1. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆதாரம். பத்திரிகையில் வந்தது, ஆவணப்படத்தில் காட்டினார்கள் என்று சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடாது. நேரில் பார்த்த சாட்சி, மூல ஆவணம், துறை வல்லுநர் என்று முதல்நிலைச் சான்று வேண்டும். மழைக்காட்டைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். காடு எங்கே, எந்த ஆண்டு வெட்டப்பட்டது? அந்த நிலத்தில் யாருடைய மாடுகள் மேய்ந்தன? அந்த மாடுகள் எந்த இறைச்சிக் கூடத்துக்குப் போயின? அந்த இறைச்சி எந்த நாட்டுக் கடைகளுக்குப் போனது? ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வாக்கியம் நிரூபிக்கப்படவில்லை என்றே ஆகும். இதற்கான ஆவணங்களில் பெரும்பகுதி வாதியின் கையில்தான் இருக்கும். சாட்சிகளோ கடல் கடந்த நாடுகளில் இருப்பார்கள். அவர்களை வரவழைக்க விமான டிக்கெட் வாங்க வேண்டும்.

2. நீங்கள் சொன்னதும் நீதிமன்றம் வாசித்ததும். நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள் என்பது அவதூறு வழக்கில் பொருட்டல்ல. சாதாரண வாசகர் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அப்படி முடிவான பொருளைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகம், நார்ச்சத்து குறைவு, இப்படிப்பட்ட உணவுப் பழக்கத்துக்கும் நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதுவது ஒன்று. 'இந்தக் கடையில் சாப்பிட்டால் புற்றுநோயும் இதய நோயும் வரும் அபாயம் உண்டு' என்று வாசகர் எடுத்துக்கொள்வார் என நீதிமன்றம் சொல்லிவிட்டால், பிரதிவாதி தாண்ட வேண்டிய கம்பம் பல அடி உயர்ந்துவிடும். இந்த வழக்கில் உணவு பற்றிய பகுதி இவ்வளவு சிக்கலானதற்கு இது ஒரு பெரிய காரணம்.

விஞ்ஞானச் சான்றுகள் இவ்வளவு சிக்கலானவை என்பதையே காரணமாகக் காட்டி, ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும் விசாரிக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டது, நீதிமன்றம் ஏற்றது. அவதூறு வழக்குகளில் ஜூரி விசாரணை வழக்கமாக இருந்த காலம் அது. இரண்டு சாதாரண மனிதர்கள் தங்களைப் போன்ற பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் முன்னால் நின்று பேசும் வாய்ப்பு அதோடு போனது.

3. பணம். அன்றைய இங்கிலாந்தில் ஏழைகளுக்கான சட்ட உதவித் திட்டம் இருந்தது. ஆனால் அவதூறு வழக்குகளைச் சட்டமே அதிலிருந்து விலக்கி வைத்திருந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். இவர்களுக்குக் கிடைக்க மாட்டார். நன்கொடையாகச் சேர்ந்தது சுமார் 40,000 பவுண்ட். மெக்டொனால்ட்ஸ் செலவழித்தது சுமார் ஒரு கோடி பவுண்ட் என்று அப்போது மதிப்பிட்டார்கள். கட்டணம் வாங்காமல் அவ்வப்போது ஆலோசனை சொன்ன வழக்கறிஞர்களில் ஒருவர் கெய்ர் ஸ்டார்மர். 2024இல் பிரிட்டனின் பிரதமராகப் பதவியேற்றவர் அவர்தான். ஆனால் நீதிமன்றத்தில் நாள்தோறும் எழுந்து நின்று சாட்சிகளை விசாரித்தவர்கள் ஸ்டீலும் மோரிஸுமே.

பணத்தின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு சின்ன விஷயம் போதும். நீதிமன்றத்தில் அன்றன்று பேசப்பட்டதன் எழுத்துப்படி, ஒரு நாளுக்குச் சுமார் 750 பவுண்ட். இவர்களால் கட்ட முடியாததால், முதலில் மெக்டொனால்ட்ஸே வாங்கி ஒரு பிரதியை இலவசமாகக் கொடுத்துவந்தது. 1995 ஜூலையில் அது நின்றது. வழக்குக்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்துவோம், வெளியே பரப்ப மாட்டோம் என்று உறுதி எழுதிக் கொடுக்க இருவரும் மறுத்ததுதான் காரணம். அதற்கப்புறம் நன்கொடைப் பணத்தில், நாளுக்கு 25 பவுண்ட் என்ற சலுகை விலையில், மூன்று வாரம் தாமதமாகத்தான் அவர்களுக்கு எழுத்துப்படி கிடைத்தது. குறுக்கு விசாரணை செய்யும் ஒருவருக்கு, சாட்சி நேற்று என்ன வார்த்தை சொன்னார் என்பது இன்று காலை கையில் இருந்தாக வேண்டும். ஒரு தரப்பிடம் அது இருந்தது. மறுதரப்பிடம் அவசர அவசரமாக எழுதிக்கொண்ட கைக்குறிப்புகள் இருந்தன.

## கூட்டத்துக்குள் இருந்தவர்கள்

வாதி நிரூபிக்க வேண்டிய முதல் அம்சம் 'வெளியிட்டார்' என்பது. துண்டறிக்கையை எழுதியவர்கள் தாங்கள் அல்ல என்றே ஸ்டீலும் மோரிஸும் சொன்னார்கள். எனவே அவர்களுக்கும் அதன் விநியோகத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்ட நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட்டது. தனியார் துப்பறியும் நிறுவனங்கள் இரண்டு அமர்த்தப்பட்டன. அவற்றின் ஆட்கள் ஆர்வலர்கள் போல நடித்துக் குழுவின் கூட்டங்களுக்கு வந்தார்கள். சில கூட்டங்களில் உண்மையான உறுப்பினர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் உளவாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். துண்டறிக்கைகளை அனுப்பும் வேலையில்கூட அவர்கள் பங்கெடுத்தார்கள். அப்படி உளவு பார்க்க அனுப்பப்பட்டவர்களில் ஒருவரே பின்னால் பிரதிவாதிகள் தரப்பில் சாட்சி சொன்னார்.

இதோடு முடியவில்லை. துண்டறிக்கையை எழுதுவதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் பாப் லாம்பர்ட் என்ற ரகசியப் போலீஸ் அதிகாரி என்ற செய்தி 2013இல் வெளியானது. வேறொரு ரகசியப் போலீஸ்காரர் வேறு பெயரில் ஸ்டீலின் துணைவராகவே வாழ்ந்து, திடீரென்று காணாமல் போனார் என்பதும் தெரியவந்தது. இவை எதுவும் விசாரணை நடந்தபோது நீதிமன்றத்துக்குத் தெரியாது. அரசும் ஒரு தனியார் நிறுவனமும் ஒரே குழுவுக்குள் தனித்தனியே ஆட்களை நுழைத்திருந்தன. அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் சட்ட உதவி இல்லாமல் கூண்டில் நின்றார்கள். ஜனநாயக நாடு ஒன்றில் இப்படி நடந்தது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

## தீர்ப்பை எப்படி வாசிப்பது?

நீதிபதி ராஜர் பெல் 1997 ஜூன் 19இல் தீர்ப்பு சொன்னார். 'மெக்டொனால்ட்ஸ் வென்றது' என்று தலைப்புப் போட்டவர்களும் சரி, 'செயற்பாட்டாளர்கள் வென்றார்கள்' என்று கொண்டாடியவர்களும் சரி, பாதியைத்தான் சொன்னார்கள்.

உண்மை என்று நிரூபணமானவை: விளம்பரங்கள் வழியாக நிறுவனம் குழந்தைகளைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்துகிறது. உணவு சத்தானது என்ற விளம்பரம் உண்மைக்குப் பொருந்தவில்லை. தன் உணவுக்காக வளர்க்கப்படும், கொல்லப்படும் விலங்குகள் சில படும் கொடுமைகளுக்கு அது பொறுப்பு. பிரிட்டனில் உணவகத் தொழிலின் கூலி கீழே போவதற்கு அது தரும் குறைந்த கூலியும் காரணம்.

நிரூபணமாகாதவை: மழைக்காடு அழிப்பு, ஏழை நாடுகளின் பசிக்குப் பொறுப்பு, புற்றுநோய் அபாயம் ஆகியவை. இவற்றுக்காக 60,000 பவுண்ட் நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது. 1999 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் இரண்டு விஷயங்களில் பிரதிவாதிகள் பக்கம் சாய்ந்தது. உலகெங்கும் ஊழியர்களின் ஊதியமும் வேலைச் சூழலும் மோசம் என்பது நியாயமான கருத்துரை என்றது. அந்த உணவைப் போதுமான அளவு தொடர்ந்து சாப்பிட்டால் இதய நோய் அபாயம் உண்டு என்பது நிரூபணமாகிவிட்டது என்றது. நஷ்ட ஈடு 40,000 பவுண்டாகக் குறைந்தது.

'நிரூபணமாகவில்லை' என்றால் 'பொய் என்று தெரிந்தது' என்று பொருள் இல்லை. பிரதிவாதி தன் கையில் இருந்த பணம், சாட்சி, நேரம் ஆகியவற்றைக் கொண்டு காட்ட முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். தோற்ற பகுதிகளில் சில உண்மையிலேயே மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். இரண்டு பேருக்குப் பின்னால் ஒரு வழக்கறிஞர் படை இருந்திருந்தாலும் முடிவு அதுவாகவே வந்திருக்கலாம். தோல்விக்குக் காரணம் மிகையா, வசதிக் குறைவா என்று தீர்ப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மைதான் இத்தகைய விசாரணையின் மிகப் பெரிய குறை.

நஷ்ட ஈட்டை வசூலிக்க மெக்டொனால்ட்ஸ் முயலவே இல்லை. வழக்கின் விலையை அது ஏற்கெனவே வேறு விதத்தில் கொடுத்திருந்தது. வழக்கின்போது ஆதரவாளர்கள் இணையத்தில் ஒரு தளம் திறந்து துண்டறிக்கையையும் விசாரணைப் பதிவுகளையும் உலகத்துக்கே வைத்துவிட்டார்கள். லண்டன் தெருக்களில் கைக்குக் கை போய்க்கொண்டிருந்த காகிதம், வழக்கினால்தான் உலகப் புகழ் பெற்றது.

## ஸ்ட்ராஸ்பர்க் என்ன சொன்னது?

உள்நாட்டு வழிகள் 2000இல் முடிந்தபின் இருவரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். இங்கே எதிர்த்தரப்பு மெக்டொனால்ட்ஸ் இல்லை. எங்களை இப்படி ஒரு வழக்கில் நிராயுதபாணியாக நிறுத்திய சட்டம் உரிமைகளை மீறியதா என்பதே கேள்வி. 2005 பிப்ரவரி 15இல் தீர்ப்பு வந்தது. அதில் பலரும் தவறவிடும் பகுதி முதல் பகுதி:

1. பெரிய பன்னாட்டு நிறுவனம் என்பதாலேயே அவதூறு வழக்குப் போடும் உரிமை பறிபோகாது. நிறுவனத்தின் வணிக நற்பெயரில் பங்குதாரர்கள், ஊழியர்கள், பொருளாதாரம் எல்லாருக்கும் அக்கறை உண்டு.
2. நிரூபிக்கும் பொறுப்பைப் பிரதிவாதி மேல் வைப்பது மட்டுமே உரிமை மீறல் ஆகாது.
3. ஆனால் இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அந்த ஆயுதத்தைக் கொடுக்கும் அரசு, எதிரே நிற்பவருக்கு ஓரளவாவது சமமான வாய்ப்பைத் தர வேண்டும். அவ்வப்போது கிடைத்த இலவச ஆலோசனை அதற்கு ஈடாகாது. எனவே நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது.
4. சிறிய, முறைசாராப் பிரச்சாரக் குழுக்களும் பொது விவாதத்தில் பங்கெடுக்க முடிய வேண்டும். விசாரணையில் சமத்துவம் இல்லை, விதித்த தொகையோ இவர்களின் வருமானத்துக்கு மிகப் பெரியது. எனவே கருத்துச் சுதந்திரமும் மீறப்பட்டது.

ஸ்டீலுக்கு 20,000 யூரோ, மோரிஸுக்கு 15,000 யூரோ தர பிரிட்டனுக்கு உத்தரவானது. தொகை சின்னது. ஆனால் அந்த மூன்றாவது அம்சம் பெரியது: விமர்சனத்தின் சுதந்திரத்தை அளக்கும்போது, என்ன சொல்லலாம் என்ற விதியைப் பார்த்தால் மட்டும் போதாது, வழக்கு வந்தால் தாங்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு கோரிக்கை மட்டும் எந்தக் கட்டத்திலும் நிறைவேறவில்லை. 1993இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, டெர்பிஷர் கவுண்டி கவுன்சில் வழக்கில், அரசு அமைப்புகள் அவதூறு வழக்கே போட முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஆள்பவர்கள் தடையற்ற விமர்சனத்துக்கு உட்பட்டவர்கள் என்பது காரணம். பல அரசுகளைவிட மக்கள் வாழ்க்கையில் அதிகம் தலையிடும் பன்னாட்டு நிறுவனங்களுக்கும் இதே விதி வேண்டும் என்று ஸ்டீலும் மோரிஸும் வாதாடினார்கள். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. என் பார்வையில் அந்த வாதத்தின் பலம் இன்னும் குறையவில்லை. பொய்க் குற்றச்சாட்டுக்கு விளம்பரம், செய்தியாளர் சந்திப்பு, சொந்த ஊடகத் தொடர்புகள் என்று பதிலடி கொடுக்க ஒரு நிறுவனத்துக்கு இருக்கும் வழிகள் தனிமனிதர் யாருக்கும் கிடையாது.

## வழக்கே தண்டனை ஆகும்போது

அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜார்ஜ் பிரிங், பெனலபி கேனன் இருவரும் 1980களில் இப்படிப்பட்ட வழக்குகளை ஆராய்ந்து 'ஸ்லாப்' என்ற சுருக்கப் பெயர் வைத்தார்கள். பொது விஷயங்களில் மக்கள் பங்கெடுப்பதைத் தடுக்கும் நோக்கில் தொடுக்கப்படும் வழக்கு என்பது அதன் பொருள். வெல்வது இதில் இரண்டாம்பட்சம். செலவு, மன உளைச்சல், வீணாகும் ஆண்டுகள் ஆகியவற்றால் பேசியவரையும், அவரைப் பார்க்கும் மற்றவர்களையும் வாயடைக்கச் செய்வதே குறி.

கலிபோர்னியா 1992இல் கொண்டுவந்த தடுப்புச் சட்டம் பலருக்கும் முன்மாதிரி. அது இயங்கும் முறை இது:

1. வழக்குத் தொடக்கத்திலேயே பிரதிவாதி மனுப் போடுகிறார்: நான் பேசியது பொது விஷயம் பற்றி.
2. அது ஏற்கப்பட்டால், வெல்வதற்கான வாய்ப்பு இருக்கிறது என்று வாதி ஆரம்பத்திலேயே ஆதாரத்தோடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி.
3. மனு முடிவாகும் வரை, ஆவணம் கேட்டுக் குடைவது போன்ற செலவு பிடித்த வேலைகள் நிறுத்தி வைக்கப்படும்.
4. பிரதிவாதி வென்றால் அவருடைய வழக்கறிஞர் செலவை வாதி கட்ட வேண்டும்.

இதில் உயிர்நாடி நான்காவது அம்சம். அது இருந்தால்தான் கையில் காசு இல்லாத பிரதிவாதியின் வழக்கை எடுத்து நடத்த வழக்கறிஞர்கள் முன்வருவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென ஒரு நெறிமுறைச் சட்டம் இயற்றியது. மால்டா நாட்டுப் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீசியா 2017 அக்டோபரில் கார் குண்டு வைத்துக் கொல்லப்பட்டபோது அவர் மீது 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அதனால் அவர் பெயராலேயே இச்சட்டம் அழைக்கப்படுகிறது. உறுப்பு நாடுகள் 2026 மே மாதத்துக்குள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்று கெடு. ஆனால் எல்லை கடந்த தன்மையுள்ள உரிமையியல் வழக்குகளுக்கு மட்டுமே இது கட்டாயம்.

அவதூறு என்ற ஒரே பெயரில்தான் இவை வரும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனம், வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்டாண்டிங் ராக் பழங்குடிப் பகுதியில் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக 2016, 2017இல் நடந்த போராட்டத்துக்காகக் கிரீன்பீஸ் மீது வழக்குப் போட்டது. அவதூறோடு அத்துமீறி நுழைதல், தொல்லை, சதி என்று பல குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டன. 2025 மார்ச்சில் வடக்கு டகோட்டா ஜூரி 66 கோடி டாலருக்கும் அதிகமாக நஷ்ட ஈடு விதித்தது. பிறகு நீதிபதி அதைச் சுமார் பாதியாக்கினார். கலிபோர்னியாவில் இருப்பது போன்ற தடுப்புச் சட்டம் வடக்கு டகோட்டாவில் இல்லை. அந்த வழக்குக்கு எதிராக, நெதர்லாந்தில் இயங்கும் கிரீன்பீஸ் இன்டர்நேஷனல் மேலே சொன்ன ஐரோப்பியச் சட்டத்தை வைத்து அந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

## அதே துண்டறிக்கை இன்று பிரிட்டனில் வந்தால்?

2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் சில விஷயங்களை மாற்றியது. லாப நோக்கில் இயங்கும் நிறுவனம் இப்போது கடுமையான பண நஷ்டம் ஏற்பட்டது, அல்லது ஏற்படக்கூடும் என்று காட்டியாக வேண்டும். கைக்குக் கை போகும் ஒரு துண்டறிக்கையால் அப்படி நஷ்டம் வந்தது என்று காட்டுவது எளிதல்ல. நேர்மையான கருத்துக்கும் பொதுநலனுக்கும் எழுத்து வடிவில் தெளிவான தற்காப்புகள் வந்திருக்கின்றன. ஜூரி விசாரணை வழக்கம் என்பது போய், நீதிபதி மட்டும் விசாரிப்பதே வழக்கமாகிவிட்டது.

உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் இடம் மாறவில்லை. அது இன்றும் பிரதிவாதியிடமே இருக்கிறது.

2023இல் வந்த இன்னொரு சட்டம், ஸ்லாப் வழக்குகளை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு வழி செய்யச் சொல்கிறது. ஆனால் அது பொருளாதாரக் குற்றங்களைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே: மோசடி, கருப்புப் பணம், லஞ்சம் போன்றவை. ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு என்ன கூலி தருகிறது, குழந்தைகளுக்கு எதை விற்கிறது, தன் விலங்குகளை எப்படி நடத்துகிறது என்று எழுதுகிறவருக்கு அந்த வழி திறக்காது. அவர் பழைய பாதையிலேயே முழு விசாரணையை நோக்கிப் போக வேண்டும், அல்லது மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.